மணல் காக்கும் தண்ணீர்

கல்வியின் இயல்பை விளக்க வந்த திருவள்ளுவர் மணற்கேணியை உவமையாக எடுத்துக்கொண்டார் என்பது நம் மாணவர் யாவரும் அறிந்ததே. வகுப்பறைகளில் அவ்வுவமையின் நயத்தைப் பாராட்டுகிறோம். பரீட்சைத் தாள்களில் அதனை எழுதி மதிப்பெண்ணும் பெறுகிறோம். ஆனால் கையில் அள்ளினால் விரலிடையே நழுவிப்போகும் மணலுக்கு நீரைக் காத்துவைக்கும் ஆற்றல் எங்கிருந்து வந்தது என்ற வினாவை நாம் எழுப்புவதில்லை. மணல் நீரை விட்டுவிடும் பொருளா, பிடித்துவைக்கும் பொருளா? இரண்டும் உண்மை என்றால் அஃது எவ்வாறு பொருந்தும்? இவ்வாரம் இந்த வினாவையே எடுத்துக்கொள்வோம்.

விடை தேடி இரண்டு இடங்களுக்கு வாசகர்களை அழைத்துச் செல்ல விரும்புகிறோம். ஒன்று நம் நாட்டின் வடமேற்குக் கரையிலுள்ள உச்சமுனை. மற்றது சீமான்களின் விளையாட்டு என்று பெயர்பெற்ற கோல்ப் ஆட்டத்தின் மைதானம். இவ்விரண்டுக்கும் என்ன உறவு என்று வியப்படைய வேண்டாம். இரண்டிடத்தும் ஆட்சி புரிவது மணல். இரண்டிடத்தும் மணலின் கீழே நிற்கும் நீரைப் பொறுத்தே மேலே உள்ள வாழ்வு அமைகிறது.

உப்பின் நடுவே ஒரு துளி

புத்தளம் மாவட்டத்திலே, ஒருபுறம் கடலும் மறுபுறம் களப்புமாக, வடக்கு நோக்கி நீண்டு கிடப்பது கற்பிட்டிக் குடாநாடு. பதினேழாம் நூற்றாண்டில் ஒல்லாந்தர் கட்டிய கோட்டை இன்றும் கற்பிட்டியில் நிற்கின்றது. அதற்கு அப்பால், களப்பு கடலோடு கலக்கும் பகுதியில் தீவுகளும் மணல் திட்டுகளும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றுள் ஒன்று உச்சமுனை. முனையின் உச்சி என்று பெயரே அதன் இருப்பிடத்தைச் சொல்லிவிடுகிறது. கற்பிட்டியிலிருந்து படகேறிச் செல்லவேண்டிய அவ்வூரில் மீன்பிடித் தொழிலை நம்பிய குடும்பங்கள் வாழ்கின்றன.

அங்கே ஆறு இல்லை, மலை இல்லை, குளமும் இல்லை. எத்திசை நோக்கினும் உப்புநீர். அப்பகுதிக்கு வானம் தருவது ஆண்டுக்கு ஏறத்தாழ 1000 மில்லிமீற்றர் மழை. அதிற் பெரும்பங்கு ஒக்டோபர் முதல் டிசெம்பர் வரையிலான மாதங்களிலேயே பெய்து தீர்ந்துவிடுகிறது. எஞ்சிய காலத்தில் மக்கள் எதைக் குடிக்கிறார்கள்? மழைக்காலத்தில் மணல் விழுங்கிய நீரைத்தான். மணல் அதனை எங்கே, எவ்வாறு வைத்திருக்கிறது என்பதை அறியுமுன் கோல்ப் மைதானத்தை ஒருமுறை எட்டிப் பார்த்துவருவோம்.

கடற்கரையிற் பிறந்த விளையாட்டு

கோல்ப் ஆட்டம் வளர்ந்தது ஸ்கொட்லாந்து நாட்டின் கடற்கரை மணல்மேடுகளில். பயிர்ச் செய்கைக்கு உதவாத அந்த மணல் நிலத்தில் புல் குட்டையாக வளரும், ஆடுகள் மேயும், எவ்வளவு மழை பெய்தாலும் சற்று நேரத்தில் தரை காய்ந்துவிடும். காய்ந்த தரையிலே பந்து நன்றாக உருளும். இதனாலேயே அவ்விடம் விளையாட்டுக்கு உகந்ததாயிற்று. பின்னர் ஆங்கிலேயர் சென்ற இடமெல்லாம் இவ்விளையாட்டும் உடன் சென்றது. கல்கத்தாவில் 1829ஆம் ஆண்டிலும் கொழும்பில் 1879ஆம் ஆண்டிலும் கோல்ப் கழகங்கள் தோன்றின. பொரளையிலுள்ள கொழும்புக் கழகத்தின் மைதானத்தை ஊடறுத்துக் களனிப் பள்ளத்தாக்கு இரயில் பாதை செல்வதைப் பலர் கண்டிருப்பர்.

இவ்வாட்டத்தில் ஒவ்வொரு குழியைச் சுற்றியும் மிக மென்மையான புற்பரப்பு ஒன்று உண்டு. 'கிரீன்' என்று அதனை அழைப்பர். அங்கே புல்லை மூன்று அல்லது நான்கு மில்லிமீற்றர் உயரத்துக்கு ஒட்ட வெட்டிவிடுகிறார்கள். ஆடுபவர் அனைவரும் வந்து கூடி மிதிக்கும் இடமும் அதுவே. களிமண் தரையாயின் மிதிபட்டு இறுகிவிடும். மழைநீர் உட்செல்லாது தேங்கும். வேர் மூச்சின்றி அழுகும். வெறும் மணலாயின் நீர் ஓடிவிடும். ஒட்ட வெட்டப்பட்ட புல், வேர் குறுகியதாகையால், வெயிலில் கருகும். நீர் விரைந்து வடியவும் வேண்டும்; வேருக்கு நீர் எஞ்சி நிற்கவும் வேண்டும். முரண்பட்ட இவ்விரு தேவைகளையும் ஒரே மண் எவ்வாறு நிறைவேற்றும்?

1960ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்கக் கோல்ப் சங்கம் இதற்கு ஒரு கட்டுமான முறையை வகுத்து வெளியிட்டது. பின்னர் பலமுறை திருத்தப்பட்ட போதிலும் அதன் உட்கருத்து மாறவில்லை. அடியில் வடிகுழாய்கள், அவற்றின்மேல் 4 அங்குலத் தடிப்பில் பரற்கல், அதன்மேல் 12 அங்குலத் தடிப்பில் அளந்தெடுத்த மணற்கலவை, அதன்மேல் புல். மணிக்கு 6 அங்குல மழை பெய்தாலும் உட்கொள்ளும் வேகம் அம்மணலுக்கு இருக்கவேண்டும் என்பது விதி. கல்லும் மணலும் அடுக்கிய இவ்வேலையில் என்ன புதுமை என்று தோன்றலாம். புதுமை அந்த மணலும் பரலும் சந்திக்கும் எல்லையிலே ஒளிந்திருக்கிறது.

நீர் ஏன் இறங்க மறுக்கிறது?

மணற் பருக்கைகளுக்கு இடையே நுண்ணிய இடைவெளிகள் உள்ளன. மெல்லிய கண்ணாடிக் குழாயை நீரில் நிறுத்தினால் நீர் தானாக மேலேறுவதை விஞ்ஞான வகுப்பில் கண்டிருக்கிறோம். விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் அவ்வாறே. இதனை மயிர்த்துளைத் தன்மை என்பர். துளை எத்துணைச் சிறிதோ அத்துணை உயரத்துக்கு நீர் ஏறும். துளையின் விட்டம் ஒரு மில்லிமீற்றர் ஆயின் நீர் ஏறத்தாழ 3 சதமமீற்றர் உயரம் ஏறி நிற்கும். விட்டம் அதிற் பத்திலொன்று ஆயின் 30 சதமமீற்றர் உயரம் ஏறும்.

ஏற்றும் வலிமை பெற்ற துளைக்குப் பிடித்துவைக்கும் வலிமையும் உண்டு அல்லவா? மணலின் சிறு துளைகள் நீரைப் பற்றிக்கொள்கின்றன. கீழே பரற்கற்களின் இடையே இருப்பவை பெருந்துளைகள். அவற்றுக்கு நீரை இழுக்கும் வலிமை இல்லை. ஆகவே மணலில் உள்ள நீர், பரலின் எல்லைக்கு வந்ததும், கீழே வெற்றிடம் இருந்தும் இறங்காமல் நின்றுவிடுகிறது. மேலும் மேலும் நீர் சேர்ந்து, அடிமணல் நிறைந்து, மேலுள்ள நீரின் எடை சிறுதுளைகளின் பிடியை வெல்லும்போது மட்டுமே பரலுக்குள் கொட்டுகிறது. அவ்வாறு கொட்டத் தொடங்கியபின் பெருமழையும் விரைவில் வடிந்துவிடும். மழை நின்றதும் பிடி மீண்டும் வலுப்பெறும். எஞ்சிய நீர் மணலின் அடிப்பகுதியிலே தங்கிவிடும். இவ்வாறு அந்தரத்தில் நிற்கும் நீரைத் தொங்கு நீர்மட்டம் என்று கூறலாம்.

இப்பொழுது 12 அங்குலத்தின் இரகசியம் விளங்கும். 12 அங்குலம் என்பது ஏறத்தாழ 30 சதமமீற்றர். மணல் பிடித்துவைக்கக்கூடிய உயரத்தையும் மணலின் தடிப்பையும் ஒன்றோடொன்று பொருந்தச் செய்துள்ளனர். அடியிலே நீர், உச்சியிலே காற்று, இரண்டும் வேருக்கு எட்டும் தூரத்தில். மணலின் தடிப்பைக் குறைத்தால் தரை சேறாகும். கூட்டினால் புல் வாடும். பரலின்மேல் நிற்கும் அம்மணலில், நீர் வடிந்து முடிந்த பின்னரும் கன அளவில் நூற்றுக்கு 15 முதல் 25 வரை நீர் எஞ்சும். அதே 30 சதமமீற்றர் மணல், கீழே எல்லையின்றி ஆழ்ந்துசெல்லும் மணற்பரப்பின் மேற்பகுதியாக இருந்திருந்தால், அதில் ஏறத்தாழ அரைவாசியே தங்கியிருக்கும்.

இதனை வீட்டிலேயே சோதித்துப் பார்க்கலாம். பாத்திரம் கழுவும் நீள்சதுரப் பஞ்சு ஒன்றை எடுத்து நீரில் நன்றாக ஊறவைத்துத் தட்டையாகக் கையில் ஏந்துங்கள். சொட்டுவது நிற்கும்வரை பொறுத்திருங்கள். நின்றதும் பஞ்சைப் பிழியாமல், அசைக்காமல், ஒரு நீண்ட விளிம்பு கீழே வருமாறு நிமிர்த்துங்கள். மீண்டும் நீர் சொட்டும். அது நின்றபின் குறுகிய விளிம்பு கீழே வருமாறு நிறுத்துங்கள். இன்னும் சொட்டும். பஞ்சும் அதேதான், துளைகளும் அவையேதான். மாறியது உயரம் மட்டுமே. துளைகள் குறிப்பிட்ட ஓர் உயரத்துக்கே நீரைத் தாங்கும்; அதற்கு மேற்பட்டது கீழே இறங்கிவிடும். தம்பி தங்கையருக்கு இதனைச் செய்துகாட்டும் மாணவர் ஒரு பாடத்தை என்றும் மறவார்.

பூந்தொட்டியின் அடியில் ஓட்டுத்துண்டும் கல்லும் பரப்பினால் நீர் நன்றாக வடியும் என்று பல இல்லங்களில் நம்புகிறார்கள். மேற்கூறியதை உணர்ந்தவர் அந்நம்பிக்கை தவறு என்பதைத் தாமே கண்டுகொள்வர். கல்லடுக்கு நீரைக் கீழே இழுப்பதில்லை. மாறாக, தொங்கு நீர்மட்டத்தைக் கல்லின் உயரத்துக்கு மேலே தூக்கிவைக்கிறது. ஆழமில்லாத தொட்டியில் கல் இடுவது வேரைச் சேற்றுக்கு அருகிற் கொண்டுவருவதேயாகும். துளையை மூடாதிருக்க ஒரே ஓர் ஓட்டுத்துண்டு போதுமானது.

ஆண்டுகள் செல்லச் செல்ல

புதிதாக அமைத்த புற்பரப்பு முதலாண்டில் மழையை விழுங்கும் வேகம் வேறு. பத்தாண்டு கழிந்தபின் விழுங்கும் வேகம் வேறு. அமெரிக்காவின் நெப்ராஸ்காப் பல்கலைக்கழகத்தார் இத்தகைய பரப்புகளைப் பல ஆண்டுகள் தொடர்ந்து அளந்தபோது, வயது ஏற ஏற நீர் உட்புகும் வேகம் குறைந்துவருவதைக் கண்டனர். மணல் தேய்வதில்லை, கற்கள் கரைவதில்லை. பின் என்ன நேருகிறது?

வேர்கள் பிறந்து இறக்கின்றன. வெட்டிய புல்லின் துகள்கள் வீழ்கின்றன. காற்றில் வரும் நுண்டூசி படிகின்றது. இவையெல்லாம் மேலேயுள்ள ஓரிரு அங்குல மணலின் பெருந்துளைகளை அடைத்து, அவற்றைச் சிறுதுளைகள் ஆக்குகின்றன. சிறிது அடைபட்டால் என்ன என்று கருதவேண்டாம். ஒரு குழாயின் விட்டத்தைப் பாதியாக்கினால் அதனூடே செல்லும் நீர் பாதியாவதில்லை; பதினாறில் ஒரு பங்காகிவிடும். 1840ஆம் ஆண்டுகளில் இரத்த ஓட்டத்தை ஆராய முற்பட்ட புவசேய் என்னும் பிரெஞ்சு வைத்தியர் நிறுவிய விதி இது. நாடிக்கு எது நீதியோ மணலுக்கும் அதுவே நீதி.

இதன் விளைவு யாது? அடியில் நிற்கவேண்டிய நீர் மேலே நிற்கத் தொடங்குகிறது. மேலே நீர் கிடைப்பதால் வேர் கீழே செல்லச் சோம்புகிறது. காற்றில்லாத மணலில் நுண்ணுயிர்கள் கந்தகத்தைக் கெடுத்து, கரிய படலம் ஒன்றையும் தீநாற்றத்தையும் உண்டாக்குகின்றன. விந்தை என்னவெனில், அதே பரப்பின் வேறோரிடத்தில், மக்கிய பொருளின் மெழுகுப் பூச்சு மணற் பருக்கைகளை மூடிவிடுவதால், ஊற்றிய நீர் ஒட்டாமல் உருண்டோடித் தரை வறண்டு கிடப்பதும் உண்டு. ஆகவே மைதானக் காவலர் ஆண்டுதோறும் சிறு சிறு துளையிட்டு மக்கிய மண்ணை எடுத்துவிட்டுப் புது மணலால் நிரப்புகின்றனர்; இடையிடையே மேலே மெல்லிய மணற்பூச்சும் இடுகின்றனர். ஒருமுறை ஒழுங்காகக் கட்டிவிட்டால் போதும் என்பது மண்ணிடம் செல்லாது. நாள்தோறும் பேணுவதே மண்ணைக் காக்கும் வழியாகும்.

ஒருவர்க்குக் குற்றம் மற்றவர்க்குக் குணம்

இப்போது கற்பிட்டிக்குத் திரும்புவோம். குடாநாட்டின் உட்பகுதியிலே மணல் நிலத்தைத் தோட்டமாக்கி, வெங்காயமும் மிளகாயும் புகையிலையும் காய்கறியும் விளைவிக்கும் கமக்காரர் உளர். அவர்களின் மணலுக்கு அடியிலே 4 அங்குலப் பரற்கல் இல்லை. ஊற்றும் நீர் நிற்காமல் இறங்கிவிடுகிறது. 30 சதமமீற்றர் மணலிலிருந்து பயிர் உண்ணக்கூடிய நீர் ஏறத்தாழ 15 முதல் 25 மில்லிமீற்றர் அளவே. வெயில் நாளொன்றில் பயிர் 5 மில்லிமீற்றர் நீரைச் செலவிடுகிறது. மூன்று முதல் ஐந்து நாளில் கையிருப்புத் தீர்ந்துவிடும். மணற்றோட்டக்காரர் ஓயாது நீர் இறைப்பது ஏன் என்பதற்கு இக்கணக்கே விடை.

அவர்கள் மாட்டெருவையும் வைக்கோலையும் மணலிலே கலக்கிறார்கள். கோல்ப் மைதானத்தில் குற்றம் என்று தோண்டி எறியப்படும் அதே மக்கிய பொருள், இங்கே செல்வம் என்று வண்டியில் ஏற்றிக் கொண்டுவரப்படுகிறது! பெருந்துளையைச் சிறுதுளையாக்கி நீரைப் பிடித்துவைப்பது அதன் தொழில். விளையாட்டுத் தரைக்கு அது மிகை. வறண்ட தோட்டத்துக்கு அது தேவை. நல்லதும் தீயதும் பொருளில் இல்லை, அளவிலும் இடத்திலும் உள்ளன என்னும் முதுமொழிக்கு இதைவிடச் சிறந்த சான்று வேண்டியதில்லை. ஆனால் நம் வெப்பத்தில் எரு விரைந்து மக்கி மறைந்துவிடும். ஆகையால் ஆண்டுதோறும் இடவேண்டியிருக்கிறது.

நன்னீரின் மிதப்பு

மணலினூடே இறங்கிய நீர் எங்கே போயிற்று? கற்பிட்டியிலும் உச்சமுனையிலும் அது கீழேயுள்ள உவர்நீரின்மேல் மிதந்து நிற்கிறது. நன்னீர் உவர்நீரிலும் இலேசானது. கடல்நீரின் அடர்த்தி நன்னீரினதைக் காட்டிலும் நாற்பதில் ஒரு பங்கு அதிகம். ஆகவே கடல்மட்டத்துக்கு மேலே ஓரடி நன்னீர் நின்றால், கடல்மட்டத்துக்குக் கீழே ஏறத்தாழ 40 அடி ஆழம்வரை நன்னீர் இறங்கி நிற்கும். பனிக்கட்டியின் பெரும்பகுதி நீருக்குள்ளே மூழ்கிக் கிடப்பது போன்றதே இது. 1889ஆம் ஆண்டளவில் ஒல்லாந்தைச் சேர்ந்த கைபன் என்பவரும், 1901இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஹெர்ஸ்பேர்க் என்பவரும் இவ்விதியைத் தனித்தனியே எடுத்துரைத்தனர். நடுவிலே தடித்தும் கரைகளை நோக்கி மெலிந்தும் ஒரு வில்லை போன்று அந்நீர் அமைகிறது. நிலம் ஒடுங்கியதாயின் வில்லையும் மெல்லியதாகவே இருக்கும்.

இவ்விதியைத் திருப்பிப் பார்க்கும்போதுதான் அச்சம் பிறக்கிறது. மிகையாக இறைத்து நன்னீர் மட்டத்தை ஓரங்குலம் தாழ்த்திவிட்டால், கீழேயுள்ள உவர்நீர் காலப்போக்கில் 40 அங்குலம் மேலெழ முற்படும். கிணற்றின் நேர் கீழே அஃது ஒரு கூம்பு போல உயர்ந்துவரும். ஒருமுறை உப்பாகிய கிணறு மீண்டும் தெளிய மழையையும் காலத்தையுமே நம்பியிருக்க வேண்டும்.

இதற்கு நம் நாடே ஒரு கொடிய சான்றைக் கண்டிருக்கிறது. 2004 டிசெம்பர் 26ஆம் நாள் சுனாமி கிழக்குக் கரைக் கிணறுகளில் கடல்நீரை நிரப்பிச் சென்றது. நல்லெண்ணங் கொண்டோர் பலர் இயந்திரங்களை வைத்து அக்கிணறுகளைத் திரும்பத் திரும்ப இறைத்தனர். அளவுக்கு மீறி இறைத்த இடங்களில் கீழிருந்த உவர்நீர் மேலே இழுக்கப்பட்டதேயன்றிக் கிணறு தெளியவில்லை. பின்னர் பெய்த பருவமழையே படிப்படியாக உப்பைக் கழுவிற்று. உதவி செய்யவும் மண்ணின் இயல்பை அறிந்திருக்க வேண்டும்.

மேலே இட்டது கீழே செல்லும்

உப்பு ஒன்றே பகையன்று. மணல் நீரை விரைந்து இறக்குவது போலவே நீரிற் கரைந்தவற்றையும் விரைந்து இறக்கிவிடுகிறது. செயற்கைப் பசளையிலுள்ள நைதரசன் மண்ணில் நைத்திரேற்றாக மாறுகிறது. களிமண்ணும் எருவும் சில சத்துக்களைப் பற்றிக்கொள்ளும். நைத்திரேற்றையோ அவை பற்றுவதில்லை. பயிர் உண்டது போக எஞ்சியது நேரே கிணற்று நீரைச் சென்றடைகிறது. குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்றே உலக சுகாதார நிறுவனம் வகுத்த எல்லை. கற்பிட்டித் தோட்டப் பகுதியில் 1980ஆம் ஆண்டுகள் தொடக்கம் நடந்த ஆய்வுகள், பல கிணறுகளில் இவ்வெல்லை கடக்கப்பட்டிருப்பதைக் காட்டின.

தாய்மார் இங்கே ஒன்றைக் கருத்தில் இருத்தவேண்டும். ஆறு மாதத்துக்குக் குறைந்த குழந்தைக்கு, அதிலும் பால்மாவைக் கிணற்று நீரிற் கரைத்துக் கொடுக்கும்போது, மிகுந்த நைத்திரேற்று ஆபத்தானது. இரத்தம் உயிர்வாயுவைச் சுமக்கும் ஆற்றலை இழந்து குழந்தையின் மேனி நீலம் பாரிக்கும். கொதிக்கவைத்தால் தீமை அகலும் என்று நம்புவதற்கில்லை. கொதிநீர் கிருமியைக் கொல்லும், நைத்திரேற்றை அகற்றாது, நீர் வற்ற வற்ற அது செறிவு பெறவே செய்யும். தாய்ப்பாலே முதற் காப்பு. கிணற்று நீரைப் பரிசோதிப்பித்தல் இரண்டாவது காப்பு.

ஒரு சிறு கணக்கு

2000ஆம் ஆண்டுகளில், கற்பிட்டியைச் சூழ்ந்த பதினான்கு தீவுகளை உல்லாசப் பயணத் தலங்களாக்கும் திட்டம் ஒன்றை அரசு அறிவித்தது. உச்சமுனையும் அவற்றுள் ஒன்று. தம் காணியும் கரையும் என்னாகும் என்று மீனவக் குடும்பங்கள் குரலெழுப்பின. காணியைப் பற்றிய வழக்கை அறிந்தோர் பேசட்டும். நாம் தண்ணீரைப் பற்றிய கணக்கு ஒன்றை மாணவர் முன் வைக்கிறோம்.

ஒரு மில்லிமீற்றர் நீர் ஒரு சதுரமீற்றர் நிலத்தில் நின்றால் அது ஒரு லீற்றர். நாளுக்கு 5 மில்லிமீற்றர் நீர் பெறும் ஒரு ஹெக்டயர் புல்வெளிக்கு 50,000 லீற்றர் தேவை. 20 ஹெக்டயர் பரப்பில் பசும்புல் வளர்ப்போமாயின் நாளுக்குப் பத்து இலட்சம் லீற்றர். ஒருவருக்கு நாளுக்கு 100 லீற்றர் என்று கொண்டால், அது பதினாயிரம் பேரின் பங்கு. பெரிய ஆற்றின் கரையில் இக்கணக்கு வேறு. உப்பின்மேல் மிதக்கும் மெல்லிய வில்லையின்மேல் இக்கணக்கு வேறு. விருந்தினர் வருவதை நாம் வெறுக்கவில்லை. விருந்தோம்பலுக்குப் பெயர்பெற்ற இனத்தவர் நாம். ஆனால் விருந்தினர் குளிக்கவும் புல்வெளி பசுமை பெறவும் இறைக்கும் நீர், அடுத்த வீட்டுக் கிணற்றின் நீரே என்பதைத் திட்டம் வகுப்போர் தாளில் எழுதிவைக்கவேண்டும். வில்லைக்கு வேலி இல்லை. எவர் காணியில் இறைத்தாலும் எல்லோர் கிணற்றிலும் மட்டம் தாழும்.

செய்யத்தக்கன

மணற்கரையில் வாழ்வோர் செய்யத்தக்கன சில உண்டு. ஓரிடத்தில் வலிய இயந்திரத்தை வைத்து ஆழத்திலிருந்து இறைப்பதைவிட, ஆழமற்ற அகன்ற கிணறுகள் பலவற்றிலிருந்து சிறிது சிறிதாக எடுப்பது நன்று. வில்லையின் மேற்பரப்பை மெல்ல வழித்தெடுப்பதே அம்முறை. கூரையில் வீழும் மழையைத் தொட்டியிற் சேர்த்தால் அந்த அளவுக்குக் கிணற்றின் சுமை குறையும். 50 சதுரமீற்றர் கூரைமேல் 1000 மில்லிமீற்றர் மழை பெய்யுமாயின் அஃது 50,000 லீற்றர். சிந்தியும் ஆவியாகியும் போவது போகப் பெரும்பகுதி கைக்கு வரும். மலசலகூடக் குழியைக் கிணற்றுக்குக் குறைந்தது 50 அடிக்கு அப்பால் அமைக்கவேண்டும். பசளையை ஒரே முறையில் கொட்டாது, சிறு சிறு பங்காக, பயிர் உண்ணும் அளவறிந்து இடவேண்டும். எருவோடு சேர்த்து இட்டால் மணலிலே நீர் சற்று நின்று வேருக்கும் நேரம் கிடைக்கும்.

கரையோரப் பாடசாலைகளின் மாணவர் ஒரு நற்பணி செய்யலாம். பாடசாலைக் கிணற்றின் நீர்மட்டத்தைக் கயிறு கட்டி வாரந்தோறும் அளந்து, நாளும் அளவும் குறித்துவாருங்கள். உப்பளக்கும் சிறு கருவி ஒன்று ஆய்வுகூடத்தில் இருக்குமாயின் அதன் அளவையும் சேர்த்துக் குறியுங்கள். ஓராண்டு முடிவில், மழை பெய்தபோது மட்டம் உயர்ந்ததும் கோடையில் தாழ்ந்ததும் ஒரு கோட்டுப் படமாக உங்கள் கண்முன் நிற்கும். ஐந்தாண்டுப் படம் உங்களிடம் இருக்குமாயின், ஊரிலே எவரேனும் புதிய திட்டத்தோடு வரும்போது வாதத்துக்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

அறிஞர் சிலர், 'மணற்கேணி உவமை உச்சமுனைக்குப் பொருந்தாது போலும். அங்கே ஆழத் தோண்டினால் உப்பல்லவா வரும்?' என்று கேட்கக்கூடும். பொருந்தும் என்றே கருதுகிறோம். கேணியில் ஊறும் நீர் கேணி உண்டாக்கியதன்று. மேலிருந்து பெய்த மழையை மணல் பொறுமையோடு வாங்கி வைத்தது. கல்வியும் அவ்வாறே முன்னோர் பெய்த மழை. வாங்கி வைக்கும் மணல் தூயதாக இருக்கும்வரை, எடுப்பவர் அளவறிந்து எடுக்கும்வரை, கேணி வற்றாது. அளவு தவறினால் உப்பே மிஞ்சும்.